நான் நிமிர்த்திய நாற்காலி

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் கிளினிக்கில் உயிர்காக்கும் பயிற்சி என்றால் போட்டோ எடுப்பது. வேறொன்றும் இல்லை.

மதிய இடைவேளையில் பயிற்சியாளர் பாதி உடம்புப் பொம்மையோடு வந்தார். காத்திருப்பு அறைத் தரையில் அதைக் கிடத்தி, பல் டாக்டர்கள் மட்டும் முறை போட்டு நெஞ்சை அழுத்தினோம். உதவியாளர் சிட்டு எட்டிப் பார்த்தாள். “சார், நானும் ஒரு தடவை?”

கிளினிக் பெரிய டாக்டருடையது. “நீ போய்க் கருவியைக் கழுவும்மா. இவன் செத்தா நாங்க பாத்துக்கறோம்” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

கடைசியில் பயிற்சியாளர், “உங்க சேர்லயே ஒரு தடவை செஞ்சு பாத்துடலாம். உங்க பேஷண்ட் என்ன, தரையில படுத்துக்கிட்டா மயங்கப்போறாங்க?” என்றார். “ஆளுங்க காத்திருக்காங்க சார், போதும்” என்று சொன்னது பெரிய டாக்டர் இல்லை. நான்.

மார்ச் 6

சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று.

மார்ச் 19, புதன்

எழுதியே ஆகணும்.

பள்ளி வேன் ஓட்டுபவர் கடைவாய்ப்பல் பிடுங்க வந்தார். “புள்ளைங்க போடற கூச்சல்ல பல்வலியே மறந்துடும் டாக்டர்” என்று சிரித்தபடி படுத்தார். மரத்துப்போக ஊசி போட்டேன். முகம் வெளுத்தது. நெற்றியெல்லாம் வியர்வை. “டாக்டர், ஒரு மாதிரி வருது—”

என் கால் பெடலை மிதித்தது. சேர் நிமிர்ந்தது.

ஏன்? நாள் முழுக்க அதைத்தானே செய்கிறோம். வேலை முடிந்தால் நிமிர்த்து, வாய் கொப்பளிக்கச் சொல், அடுத்த ஆளைக் கூப்பிடு. மயக்கம் என்றால் படுக்க வை, காலைத் தூக்கு — கல்லூரியிலேயே படித்ததுதான். தலைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை.

அவர் தலை தொங்கியது. “பிடிச்சுக்கோ, விழாம பிடிச்சுக்கோ!” என்று சிட்டுவிடம் கத்தினேன். அவள் தோளைப் பிடித்து உட்கார்ந்தபடியே நிறுத்தினாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சேரைச் சாய்த்தேன். கண் திறந்தார். “என்ன டாக்டர், பல்லு வந்துடுச்சா?” என்று தெளிவாகக் கேட்டார்.

பக்கத்துச் சேரிலிருந்து எல்லாவற்றையும் பார்த்த பெரிய டாக்டர் ஆம்புலன்ஸ்காரர்களிடம், “படுத்திருந்தார், திடீர்னு வலிப்பு” என்றார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். தலையாட்டினேன்.

மார்ச் 20

வலிப்பு நோய் இல்லை. இருந்தால் அப்படி உடனே தெளிந்திருக்க மாட்டார். வெறும் மயக்கம். நான் நிமிர்த்தினேன், மூளைக்கு ரத்தம் போகவில்லை, இழுத்தது. எனக்குத் தெரியும். பெரிய டாக்டருக்கும் தெரியும்.

“நான் அழுத்திப் பிடிச்சதாலயா டாக்டர்?” என்று சிட்டு கேட்டாள். இல்லை என்றேன். யாரால் என்று சொல்லவில்லை.

மார்ச் 27

அவர் மனைவி வந்தார். ஆஸ்பத்திரியில் வலிப்பு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்களாம். வலிப்புக்காரனை நம்பிக் குழந்தைகளை எப்படி ஏற்றுவது என்று வேன் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டாராம்.

“ஒளிஞ்சிருந்த வியாதிம்மா. இங்க வந்ததாலதான் தெரிஞ்சுது” என்றார் பெரிய டாக்டர். நாக்கு கூசவில்லை. என் நாக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? அந்த அம்மா என் பக்கம் திரும்பி, “நீங்க பக்கத்துல இல்லன்னா என்ன ஆயிருக்குமோ” என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நன்றி. எனக்கு. த்தூ.

ஏப்ரல் 9

“ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொல்லப்போறேன் சார்” என்றேன் பெரிய டாக்டரிடம்.

“தாராளமா சொல்லு. நாறப்போறது உன் பேருதான்.”

அந்தப் பயம்தானே இத்தனை நாளும் என் வாயை அடைத்தது. மனுஷர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். ஒரு வேன் டிரைவரின் பிழைப்பு போனால் இவர் வீட்டில் எது குறையும்? என் வீட்டிலும்தான் எது குறைந்தது?

போனேன். நரம்பு டாக்டர் முழுதும் கேட்டுவிட்டு, “இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்றார். கோபமாகக்கூட இல்லை.

ஏப்ரல் 11

கடைசி ஆள் போனதும் நானே சேரில் படுத்து, சிட்டுவைப் பெடல் அருகே நிறுத்தினேன். “என் முகம் வெளுக்குது. இப்ப என்ன செய்வ?”

“போட்டோ எடுப்பேன்” என்றாள். அவள் சிரிக்கவில்லை.

பிறகு சேரின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினாள், என் காலைத் தூக்கினாள். மறுபடி மறுபடி செய்தாள்.

ஏப்ரல் 22

வலிப்பு இல்லை, மாத்திரை வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேனை அதற்குள் வேறு ஆளிடம் கொடுத்தாயிற்று.

அவர் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டார்கள். எல்லாம் சொன்னேன். அவர் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப எனக்கு ஒண்ணுமே இல்ல?”

“இல்லீங்க. தப்பு என்னோடது.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சட்டையை மாட்டினார், பொத்தான் போட்டார்.

“சரி டாக்டர். இதே வாயால முதலாளிகிட்ட சொல்லுங்க. புள்ளைங்களோட அம்மா அப்பா எல்லாரும் நிக்கும்போது சொல்லுங்க. என் வண்டியை வாங்கிக் குடுங்க.”

எல்லோர் முன்னாலும். பேரோடு. பெரிய டாக்டர் சொன்ன அதே நாற்றம்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

“எழுந்திருங்க டாக்டர்.”