மழையில் பால் வெட்டியவள்

ருவான்வெல்லை,
2025 ஆகஸ்ட் 9

அன்புத் தம்பி பிரதீபனுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். ஜெர்மனியில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால்தான் ஈமெயிலில் எழுதுகிறேன்.

வீடியோ கேம் கண்காட்சிக்காக, நம் கேமை வெளியிடப்போகும் உன் கம்பனி செய்த வீடியோவைப் பார்த்தேன். அது நீயும் நானும் வருடக்கணக்காக உட்கார்ந்து செய்த கேம் இல்லை. கொட்டும் மழையில் ஒருத்தி றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறாள். பின்னால் இடி, மின்னல், வயலின். மழை பெய்தால் பால் பட்டையில் வழிந்து வீணாகும். அன்று வெட்டும் இல்லை, சம்பளப் பதிவில் பேரும் விழாது. சம்பளமில்லாத அந்த நாளை அவள் தோட்டத்து லயத்து அறைக்குள் எப்படிக் கழிக்கிறாள் என்பதுதானே நம் கேம்?

அம்மாவுக்குக் காட்டினேன். "இந்த மழையில எந்தக் கங்காணி வெட்டச் சொல்றான் புள்ள?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மாற்றச் சொல். மாற்றும்வரை கம்பனியோடு செய்யும் ஒப்பந்தத்தில் என் கையெழுத்து விழாது.

அன்புடன்,
அக்கா ஷாமிளா

ஜெர்மனி,
ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்கா,

சாப்பாடு பாண்தான், வேறென்ன. நீ இங்கே வந்து பார்த்தால் திட்டமாட்டாய். கண்காட்சி மண்டபத்தில் வீட்டளவு திரைகள், கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள். கொஞ்ச நேரம் விளையாட சனம் மணிக்கணக்கில் வரிசையில் நிற்குமாம். மேடையில் "இப்போது நேரடியாக விளையாடுகிறோம்" என்று அறிவிப்பார்கள். ஆனால் திரையில் ஓடப்போவது அந்த வீடியோதான். ஒருவர் சும்மா பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஒருவர் நான்.

நம் மழை நாளை அவர்களுக்குக் காட்டினேன், நம்பு. ஒருத்தி வாசலில் உட்கார்ந்திருப்பதை யார் நின்று பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். மழையில் வெட்டமாட்டார்கள் என்று இங்கே யாருக்குத் தெரியும்? இந்த மேடையை விட்டால் நம்மை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பிடிவாதம் பிடிக்காதே அக்கா. கேம் வெளிவரும்போது சரிசெய்துகொள்ளலாம்.

உன்,
பிரதீபன்

ருவான்வெல்லை,
ஆகஸ்ட் 13

தம்பி,

யாருக்குத் தெரியும் என்றா கேட்கிறாய்? உனக்குத் தெரியும். வெட்டில்லாத நாட்களில் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நீ பள்ளிக்கூடம் போனது எனக்கும் தெரியும்.

வெளியார் நம்மைக் காட்டும்போதெல்லாம் அழகுக்காகத்தான் மாற்றிக் காட்டினார்கள். இனி நாமே சொல்வோம் என்று முதலில் சொன்னவன் நீ. இப்போது நீயே பவுடர் பூசி அனுப்புகிறாய். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மேடை ஏறு, வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் கேமை விளையாடு. நடுவில் நின்றுபோனால் நிற்கட்டும். ஓடாத கேமுக்கு வெட்கப்படத் தேவையில்லை. பொய்க்குப் பொத்தான் அழுத்தாதே.

அக்கா

ஜெர்மனி,
ஆகஸ்ட் 23

அன்புள்ள அக்கா,

நீ நேரலையில் பார்த்திருப்பாய். என் கையிலிருந்த கருவியில் பேட்டரிகூட இல்லை. வீடியோ முடிந்ததும் சனம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு பையன் ஓடிவந்து, மழையில் வழுக்காமல் எப்படி அவ்வளவு நன்றாக விளையாடினீர்கள் என்று கேட்டான். பயிற்சிதான் என்றேன்.

கம்பனிக்குப் பெரிய சந்தோஷம். உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. தயவுசெய்து அக்கா.

பிரதீபன்

ருவான்வெல்லை,
ஆகஸ்ட் 26

அன்புத் தம்பிக்கு,

பார்த்தேன். நன்றாக நடித்தாய்.

கையெழுத்துப் போடமாட்டேன். மழையில் வெட்டுகிற அந்தப் பொம்பளையை உன் கம்பனியே வைத்துக்கொள்ளட்டும். அவளை நாம் பெறவில்லை. நம் கேமை நேற்று இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டேன், அரைகுறையாகவே. உன் பெயரையும் போட்டிருக்கிறேன், உன் உழைப்பை மறைக்க நான் கம்பனி இல்லை.

இன்று காலை மொனராகலையிலிருந்து ஷஸ்னா என்றொரு பிள்ளை எழுதியிருந்தாள். மழை தொடங்கியதும் ஒரு பொத்தானும் வேலை செய்யவில்லையாம், பழுதா என்று கேட்டாள். பழுதில்லை, அன்றைக்கு வேலை இல்லை என்று பதில் போட்டேன். "அப்ப எங்க வீடு மாதிரிதான்" என்று எழுதினாள். உன் மண்டபத்துக் கைதட்டல் முழுவதையும் தந்தாலும் இதை நான் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

கம்பனி வழக்குப் போடும் என்று பயமுறுத்தாதே. போடட்டும். இனி உன்னோடு சேர்ந்து கேம் செய்யமாட்டேன். இதை எழுதும்போது அழுகை வந்தது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

அம்மா உன்னைக் கேட்டபடி இருக்கிறார். வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வா, சோறு இருக்கும். லப்டொப்பை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வா.

ஷாமிளா