அழிக்காத பழைய சாவி

2006 மாசி, சனி இரவு.

காலையில் மனைவியின் அண்ணன், காக்கா, ஒரு வேனை வீட்டோடு இருக்கும் என் சாவிக் கடைக்கு இழுத்து வந்தார். சுனாமியில் இறந்துபோன அவருடைய தம்பியின் வேன். அதை வாடகைக்கு ஓட்டித்தான் தம்பி மனைவி றமீஸா பிள்ளைகளை வளர்க்கிறாள்.

"புதுச் சாவி போடுங்க மச்சான். அவள்ற சாவி இனி வேலை செய்யப்படா. நாளைக்கு விக்கப்போறன்."

நாங்கள் இருப்பது அவர் கட்டித் தந்த வீடு. மறுக்க முடியவில்லை. மெசினை வேனில் பொருத்தி, புதுச் சாவியின் சிப்பை அதன் கணினியில் பதிந்தேன். பழைய சாவியின் பதிவை அழிக்கவில்லை. அழித்தாச்சு என்றேன். வேனை எங்கள் முற்றத்திலேயே விட்டுப் போனார்.

மஃரிபு தொழுகை முடிந்து இருட்டிய பிறகு றமீஸா வந்தாள். கையில் அவளுடைய சாவி.

"இது இனி வேலை செய்யாதாமே மச்சான்?"

மனைவி வாசலில் நின்றாள்.

"ஏறிப் பாருங்க மச்சி," என்றேன்.

முதல் திருப்பிலேயே இஞ்சின் பிடித்தது. அழுதுகொண்டே ஓட்டிப்போனாள்.

விடிந்தால் காக்கா வருவார். மனைவி பிள்ளைகளின் உடுப்புகளை பேக்கில் அடுக்குகிறாள். எங்கே என்று கேட்டேன்.

"காக்கா வெளியே போகச் சொல்ல முந்தி நாமளே போவம்."

எங்கே போவது என்று இருவருக்கும் தெரியவில்லை.