குல்னார் என்றால் மாதுளம்பூ

மொட்டை மாடித் தொட்டியில் இன்று காலை மாதுளை பூத்திருக்கிறது. தண்ணீர் ஊற்றப் போனவள் குவளையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன், குல்னார். நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது.

தாம்பரம் பள்ளியில் ஒரே மேசையில் உட்கார்ந்து நாம் விடைத்தாள் திருத்திய நாட்களில், உன் வீட்டுப் பெயர்களுக்கெல்லாம் அர்த்தம் கேட்பதே எனக்கு வேலை. "எல்லாம் பாரசீகம்டி. குல்னார்னா மாதுளம்பூ. அக்கா பர்வீன், வானத்துல தெரியுற கார்த்திகைக் கூட்டம். தம்பி ஜாவித், என்னைக்கும் இருக்கிறவன். ஆனா அவன் ஒரு நாளும் வீட்ல இருக்க மாட்டான்" என்று சிரிப்பாய். அத்தா தேடித் தேடி வைத்த பெயர்கள் என்று சொல்லும்போது உனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வரும்.

முடிச்சூரில் உன் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த பிறகு மாடி வீடு தேடி அலைந்தாய். நான்கு இடத்தில் பெயரைக் கேட்டதும், "இப்பதான் வேற ஆளுக்குப் பேசிட்டோம்" என்று கதவைச் சாத்தினார்கள். ஐந்தாவது வீடு எங்கள் தெருவிலேயே. நான்தான் கூட்டிப்போனேன்.

வீட்டுக்காரர், "பேரு என்னம்மா?" என்றார். நீ வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "மலர், சார். எங்க ஸ்கூல் டீச்சர்."

"நல்லதாப் போச்சு. முதல்லயே கேட்டுக்கிட்டா அப்புறம் பேஜார் இல்ல பாருங்க" என்றார். நான் சிரித்தேன். ஐயோ, சிரித்தேனே!

"என் பேரு குல்னார், சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாய்.

ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது, "எனக்கு வீடு கிடைக்கணும்னுதானே சொன்னே, விடு" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அர்த்தத்தை மட்டும் வச்சுக்கிட்டு பேரைத் தூக்கிப் போட்டுட்டியேடி" என்றாய்.

கூடுவாஞ்சேரிக்குக் குடிபோனாய். என் பிறந்தநாளுக்குத் தவறாமல் போன் செய்தாய். அந்தப் பேச்சை மட்டும் எடுத்ததே இல்லை. நானும் உண்மையைச் சொல்லவில்லை. உனக்கு வீடு கிடைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் நான் பொய் சொல்லவில்லை. 'யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?' என்று அந்த மனுஷர் என்னைக் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். உன் பக்கத்தில் நிற்க வெட்கப்பட்டேன். இதை நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று எங்கள் மாடி போர்ஷன் விஷயமாகப் புரோக்கர் போன் செய்தார். "தங்கமான ஃபேமிலி மேடம். புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர். நாளைக்குக் கூட்டியாரட்டா?"

"பேரு என்ன?" என்றேன்.

என்ன வேலை என்று கேட்கவில்லை, குல்னார். எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. என் குரல் என் காதிலேயே விழுந்த பிறகுதான் சுருக்கென்றது. அவர் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டேன்.