ரம்பம் ஓய்கிற நேரம்

மார்ச் 4
வக்கீல் வந்துவிட்டுப் போனார். என் புருஷன் தன் பட்டறைக் கூட்டாளியைச் சுத்தியலால் அடித்துக் கொன்றதில் சந்தேகமே இல்லையாம். ஏன் அடித்தார் என்பதில்தான் இனி எல்லாம்.

"கேவலமா ஒரு வார்த்த சொல்லி, அந்தச் சூட்டுலயே கை ஓங்கியிருந்தா, கொலைக்குக் கீழ கொண்டுவரப் பாக்கலாம்மா. வெறும் வார்த்தைக்கெல்லாம் ஜட்ஜ் லேசுல இறங்க மாட்டாரு. ஆற விட்டு அடிச்சிருந்தா சுத்தமா முடியாது."

என்ன வார்த்தை என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உங்களுக்கும் தனக்கும் தொடர்புன்னு அந்தக் கூட்டாளி சொன்னாராம்."

போலீஸிடம் எதுவும் ஞாபகமில்லை என்ற இவருக்கு, வக்கீல் போய்ப் பார்த்த பிறகு மட்டும் எப்படி ஞாபகம் வந்தது?

மார்ச் 5
செத்துப்போன மனுஷன் என்னிடம் பேசியதே "டீ இருக்காம்மா?" மட்டும்தான். அவர் வாயில் இப்படி ஒரு பேச்சா? வக்கீல் கட்டிவிட்ட கதை. கேஸ் ஜெயிக்க என் மானம்தானா கிடைத்தது?

மார்ச் 9
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. அன்று அலறல் கேட்டு மரப் பட்டறைக்குள் ஓடினேன். கூட்டாளி கீழே கிடந்தார். ரம்ப மெஷின் நின்றிருந்தது. அதன் மேல் மூடி.

சுவிட்சை அணைத்தாலும் அந்த ரம்பம் உடனே நிற்காது, சுற்றிச் சுற்றித்தான் ஓயும். முழுசாக நின்ற பிறகுதான் இவர் மூடி போடுவார், அப்புறம்தான் மறு வேலை. பழக்கதோஷம், சரி. ஆனால் கண்மண் தெரியாத கோபத்தில் ஒருத்தர் மூடியா போடுவார்?

ரம்பம் ஓய்கிற வரைக்கும் நின்றுகொண்டு என்னதான் யோசித்தார்?

மார்ச் 10
வக்கீலிடம் சொன்னேன். காதிலேயே விழாத மாதிரி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீங்க போறப்போ ரம்பம் ஓடிட்டுதானேம்மா இருந்துச்சு?"

இது கேள்வியா, உத்தரவா?

ஜூலை 2
ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டேன். கூட்டாளியின் மனைவி வைத்த கண் வாங்காமல் என்னையே பார்த்தாள். பொய்தான். புருஷனாயிற்றே — நான் வேறு என்ன செய்ய?

ஆகஸ்ட் 20
கொலை இல்லை என்று தீர்ப்பு. ஏழு வருஷம். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆகஸ்ட் 28
சிறைக்குப் போனேன். பாதியாய் இளைத்திருந்தார். ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"அவன் சொன்னது நிஜமா?"

அப்படியென்றால் வக்கீல் கட்டிய கதை இல்லை. அந்த மனுஷன் சொல்லியிருக்கிறார். இவரும் நம்பியிருக்கிறார்.

"ஐயோ, என்னங்க இது! சத்தியமா இல்லங்க."

"சரி, சரி. வெளிய வந்து பேசிக்கலாம்."

குரலில் கோபமே இல்லை. ரம்பம் ஓயும்வரை நின்றவரின் அதே நிதானம்.

வரும் வழியிலேயே வீட்டு ஓனரைப் பார்த்து, மாசக் கடைசியில் காலி செய்கிறேன் என்றேன். எங்கே போகப்போறீங்க என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். முடிவானாலும் அக்காவிடம்கூடச் சொல்லமாட்டேன்.