கடைசிப் பக்கத்து எண்கள்

தை 8, வியாழன். ஏற்காடு.

தலைச்சோலை நூலகத்தை மூடிவிடலாம் என்ற என் பரிந்துரை நாளை அதை நடத்தும் அறக்கட்டளைக்குப் போவதாக இருந்தது. வழங்கல் பதிவேட்டில் ஓராண்டாக ஒரு பதிவும் இல்லை. புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் மட்டும் பென்சிலால் எழுதிய எண்கள் இருந்தன. அவை தவறான பகுப்பெண்கள் என்று முடிவுசெய்து, அனைத்தையும் அழிக்கும்படி பொங்கலுக்கு முன்பே நூலகர் செல்விக்கு எழுதிக் கொடுத்தேன். ரப்பரும் வாங்கிக் கொடுத்தேன். என்னைப் போன்ற தனி ஆலோசகன் எழுதுவதைத் திருத்த மேலதிகாரி எவரும் இல்லை.

இன்று சரிபார்க்கப் போனபோதுதான் அவை என்ன எண்கள் என்று செல்வியிடம் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

"எடுத்துட்டுப் போனவங்க நம்பருங்க சார். எஸ்டேட்ல காப்பிப் பழம் எடை போடறப்ப நம்பரச் சொல்லித்தானுங்க கூப்பிடுவாங்க. இங்க ராணின்னே ஏழு பேருங்க. பேரை எழுதி என்னங்க பண்றது?"

ஒரு சமையல் நூலில் மட்டும் முப்பத்தொரு எண்கள். நூலகம் இயங்குவதற்கு இருந்த ஒரே சான்றை அழிக்க நானே ஆணையிட்டிருந்தேன்.

"எத்தனை புத்தகத்தில் அழித்தீர்கள்?"

"ஒண்ணுலயும் இல்லீங்க. நொம்பப் படிச்சவரு, மறுக்கா வந்து கேப்பாருன்னு உட்டுட்டேனுங்க."

எழுத்துமூலமான ஆணையை மீறியதற்காக ஒருவருக்கு நன்றி சொன்னது என் பணிக்காலத்தில் இதுவே முதல் முறை.

மூடும் பரிந்துரையை நீக்கிவிட்டேன். பெயருக்குப் பதிலாகத் தோட்டத் தொழிலாளர் எண்ணையும் பதியலாம் என்றொரு விதியைச் சேர்த்தேன். செல்வி திருப்பிக் கொடுத்த ரப்பர் மேசைமேல் இருக்கிறது. உறைகூடப் பிரிக்கவில்லை.