அத்தானுக்கு ஒரு பேய்க்கதை

என் அருமை அத்தான்,

அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டேன். நீங்கள் பேயாக அலைகிறீர்கள் என்று சங்கரன்கோவில் முழுக்கப் பேச்சு. அதைக் கிளப்பிவிட்டது நான்தான். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

உங்களைப் புதைத்த இடம் சாமானியமான இடமா? வெள்ளைக்காரன் காலத்துக் கல்லறைத் தோட்டம். நாடகக் கம்பெனியோடு வந்து, சினிமாவில் கொடிகட்டிப் பறந்த கதாநாயகி உங்களுக்கு வலப்பக்கம். நம் ஊரிலிருந்து போய்ச் சிரிப்பு நடிகரானவர் இடப்பக்கம். அந்த அம்மாள் சலங்கை கட்டி ஆடுகிறாளாம், இவர் வேப்பமரத்தடியில் இருமி இருமிச் சிரிக்கிறாராம். ஆளாளுக்கு ஒரு கதை. அதைக் கேட்டுவிட்டு ராயகிரியிலிருந்தெல்லாம் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

நடுவில் நீங்கள். வில்லனுக்குப் பின்னால் கைகட்டி நின்றே காலத்தைக் கழித்த மனுஷர். மொத்தச் சினிமா வாழ்க்கையிலும் வாய்த்த ஒரே வசனம், "பாஸ், போலீஸ்!" அதற்கும் டப்பிங்கில் வேறொருத்தன் குரல். உங்களுக்கு யார் பேய்க்கதை கட்டுவார்கள்?

போன கல்லறைத் திருநாளுக்கு நானும் அக்காவும் சுண்ணாம்பு வாளியோடு உங்கள் கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போனோம். ஒருத்தன் செருப்புக்காலோடு உங்கள் மேல் ஏறி நின்று, அந்த அம்மாளின் கல்லறையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். இறங்கச் சொன்னதற்கு, இது யாரு என்று கேட்டான். அக்கா வாளியை அப்படியே வைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டாள். இனி அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கட்டிய பெண்டாட்டியே வராவிட்டால் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

உங்களுக்கும் ஒரு கதை இருந்தால் எவனும் மேலே ஏறமாட்டான், அக்காவும் மனசு மாறுவாள் என்று தோன்றியது. இட்லிமாவு வாங்கப் போன இடத்தில் கடைக்காரியிடம் ஆரம்பித்தேன். உச்சிவேளையில் அந்தக் கல்லறையை மிதித்தால் காதுக்குள் "பாஸ், போலீஸ்" என்று ஒரு குரல் கேட்கிறதாம், கேட்டவனுக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறதாம். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். போதாதா? சாயங்காலத்துக்குள் கோவில் வாசல்வரை போய்விட்டது. கல்லறைத் தோட்டத்தில் ஒளிந்து சீட்டாடுகிறவர்கள்தான் முதலில் இடத்தைக் காலிசெய்தார்கள். அவர்களுக்குப் பேயைவிடப் போலீஸ்தான் பயம். மற்றவர்கள் மடியில் புளியங்குடி எலுமிச்சம்பழத்தைக் கட்டிக்கொண்டு அந்தத் தெருவைக் கடக்கிறார்கள். இருட்டினால் கொல்லைப்பக்கம் போக அக்காவைத் துணைக்குக் கூப்பிடுகிற ஆள் நீங்கள்! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது.

சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அக்கா தினமும் உச்சிவேளையில் குடையை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். உங்கள் சொந்தக் குரல் எதிலும் பதிவாகவில்லையே அத்தான். கல்யாண வீடியோவில்கூட நீங்கள் வாய் திறக்கவில்லை. அதைக் கேட்கத்தான் காத்துக்கிடக்கிறாள் என்று நினைத்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இல்லாத குரலுக்காக இந்த வெயிலில் எத்தனை நாள் உட்காருவாள்? பாவி நான், என்ன காரியம் செய்து வைத்தேன்?

நேற்று அவள் பின்னாலேயே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குரலாவது கிரலாவது, எல்லாம் நான் கட்டிவிட்டது என்றேன். அக்கா குடையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தாள்.

"தெரியும்ட்டி. நீ கட்டிவிட்ட கதைன்னு மாவுக்கடைக்காரி அன்னைக்கே சொல்லிட்டா."

"பொறவு எதுக்கு இங்கன வந்து வெயில்ல காயுத?"

"ஒன் பேய்க்குப் பயந்து உச்சியில ஒருத்தரும் வரமாட்டேங்காவ. நானும் அவுகளும் நிம்மதியாப் பேசிக்கிட்டு இருக்கோம். நீ வீட்டுக்குப் போ."

போய்விட்டேன் அத்தான். வழியெல்லாம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இருக்கிறவரை உங்கள் கதையை ஊர் மறக்க விடமாட்டேன். காய்ச்சல் பழசாகிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து வாய் கோணிக்கொள்கிறது என்று சொல்லப்போகிறேன். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருங்கள். உச்சிவேளையில் ஒரு ஈ காக்கை அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் வாயாடிக் கொழுந்தியாள்