வருவாரா என்று கேட்ட அக்காவுக்கு

அக்கா, பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறான். இன்று காலை அவன் போட்ட கேசட்டில் கித்தார் உறும, டிரம்ஸ் இடிக்க, ஒருவன் அடிவயிற்றிலிருந்து கர்ஜித்தான். "டேய், காது கிழியுதுடா, நிறுத்து" என்று அவன் அம்மா கத்தினாள். நான் எழுதிக்கொண்டிருந்த செய்தியை அப்படியே விட்டுவிட்டேன். போன வருஷம் சென்னையில் நாம் கேட்ட சத்தம் அது.

உப்பின் வெளுப்பைப் பார்த்துப் பார்த்து உங்கள் கண் கெட்டிருந்தது. மரக்காணத்தில் உப்பு வாருகிற பலருக்கும் அப்படித்தான். சென்னையில் கண் ஆஸ்பத்திரிக்கு உங்களை அழைத்துப் போனேன். சொட்டு மருந்து விட்டதில் எல்லாம் கலங்கலாகத் தெரிகிறது என்றீர்கள். அன்று மாலையே ஒரு கல்லூரி விழாவில் பெங்களூர் மெட்டல் இசைக்குழு ஒன்று பாடியது. அதைப் பற்றி நாலு வரி கேட்டிருந்தது என் பத்திரிகை அலுவலகம். உங்களையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன உங்கள் கணவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. காரியம் செய்துவிடலாம் என்றார் உங்கள் கொழுந்தனார். நீங்கள் சம்மதிக்கவில்லை. எங்கே யாருக்குச் சாமி வந்தாலும் போய் நின்றீர்கள். பெருமுக்கல்லில் ஒரு பெண், பொம்மையார்பாளையத்தில் ஒரு பெரியவர். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: வருவான். தை பிறந்ததும் வருவான், ஆடிக்குள் வருவான். தையும் போனது, ஆடியும் போனது.

மைதானத்தில் பாட்டு உச்சத்துக்குப் போனபோது முன்வரிசை இளைஞர்கள் நீள முடியைச் சுழற்றித் தலையை ஆட்டினார்கள். நான் மேடையைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் நீங்கள் இல்லை. கூட்டத்துக்குள் புகுந்து, ஒருவன் விழுந்துவிடாமல் பின்னாலிருந்து அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தீர்கள், நம்மூரில் சாமி ஆடுகிறவரைப் பிடிப்பதுபோல.

"மச்சான், உங்கம்மா வந்துட்டாங்கடா!" என்று அவன் கூட்டாளிகள் கத்தினார்கள்.

நீங்கள் விடவில்லை. "சாமி, எங்க வூட்டுக்காரரு வருவாராப்பா?"

அவன் மிரண்டுபோய் என்னைப் பார்த்தான். அவன் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னேன். முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கிக்கொண்டு உங்கள் பக்கம் திரும்பினான்.

"அம்மா, என் மேல சாமியெல்லாம் வரலம்மா. பாட்டுக்கு ஆடுனேன். எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"தெரியாதுன்னு சொல்ற சாமிய இப்பத்தான் பார்க்குறேன்" என்றீர்கள். சிரித்தீர்கள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். அவன் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தப் பாட்டு முடியும்வரை ஆடாமல் உங்கள் அருகிலேயே நின்றான்.

திரும்பும் பேருந்தில் என்னிடம் கேட்டீர்கள். "நீ பேப்பர்ல எழுதுற ஆளு. நீயே சொல்லு. வருவாரா?"

உடல் கிடைக்காதவர்களின் வீடுகளுக்கு நான் மாதக்கணக்கில் போய்வந்திருந்தேன். ஒருவரும் திரும்பியிருக்கவில்லை. "வரமாட்டாருக்கா" என்றேன்.

நீங்கள் அழவில்லை. "நீ சொல்லிட்ட. ஆனா நீ சாமி இல்லியே" என்று சொல்லி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். மறுநாள் நெற்றியில் குங்குமத்தோடுதான் உப்பளத்துக்குப் போனீர்கள். அதன்பின் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவே இல்லை.

இந்த ஐப்பசியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. வாசலில் கிடத்தியிருந்தார்கள். உங்கள் தங்கை மஞ்சளும் பூவும் எடுத்து வந்தாள். "சுமங்கலியாத்தான் அனுப்பணும்." கொழுந்தனார் வழிமறித்தார். "எங்கண்ணன் போயி ரெண்டு வருஷம் ஆவப்போவுது. ஊரு சிரிக்கும்." வாக்குவாதம் முற்றியபோது அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நாலு எடம் போயி விசாரிக்கிறவங்க நீங்க. எங்கண்ணன் இருக்காரா, இல்லியா?"

இத்தனை வருஷத்தில் உறுதிசெய்யாத ஒரு வரியை நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. உங்கள் நெற்றியைப் பார்த்தேன்.

"பூ வைங்க" என்றேன்.

வைத்தார்கள். குங்குமமும் பூவுமாகத்தான் போனீர்கள், அக்கா. அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் கொழுந்தனார் என்னை நம்பிவிட்டார். எனக்கு ஏதோ தெரியும், சொல்ல மறைக்கிறேன் என்று நினைக்கிறார். நேற்றும் பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"அண்ணன் எந்த ஊர்ல இருக்காரும்மா?"